கோட்டைச் சுவரில் அயலார் கை

செஞ்சிக் கோட்டையை 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டாருக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் எந்தத் தலைப்பில் சேர்த்தார்கள்? 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில். அதில் அடங்கிய கோட்டைகள் 12. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. அப்படியானால் செஞ்சி மராத்தியருடைய கோட்டையா, நம்முடையதா என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முயன்றால் சரித்திரம் இடம் கொடாது. கோன் குலத்தார் தொடங்கினார்கள் என்பது உள்ளூர் வழக்கு. விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் அதைப் பெருங்கோட்டையாக வளர்த்தார்கள். 1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றி மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் மொகலாயப் படையின் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கி நின்றதும் இங்கேதான். 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு சுவரை உயர்த்தியோ, ஒரு வாசலை மாற்றியோ, ஒரு பீரங்கி மேடையை எழுப்பியோ போனார்கள். எந்தக் கல் யாருடையது என்று பிரித்து எடுத்தால், மிஞ்சுவது கோட்டையாக இராது, கற்குவியலாகத்தான் இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள வாசகருக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. முல்லைப் பெரியாறு அணையைத் திட்டமிட்டுக் கட்டி முடித்தவர் ஜான் பென்னிகுக் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பிய சுவர் அது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த தூள். கணக்கு வெள்ளைக்காரருடையது, காரைக் கலவை நம் கொத்தனாருக்குப் பழகிய கலவை. காலராவும் மலேரியாவும் கொண்டுபோன தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர். அணையை "அயலான் கட்டியது" என்று யாரும் இங்கே ஒதுக்குவதில்லை. ஜனவரி 15-ஆம் தேதி அவருடைய பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் எழுந்தது. தண்ணீர் விஷயத்தில் இத்தனை தெளிவாக இருக்கும் நாம், கோட்டை விஷயத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறோம்?

பீரங்கி வந்தது, மதில் குனிந்தது

கோட்டைக் கலையில் அயல் நாட்டு வித்தை புகுந்ததற்கு மூல காரணம் பீரங்கி. வில்லும் வேலும் ஏணியும் ஆயுதங்களாக இருந்த காலத்தில் மதில் எவ்வளவு உயரமோ அவ்வளவு பலம். பீரங்கிக் குண்டுக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. உயர்ந்த சுவர் அதற்கு நல்ல குறி. அடியில் நாலு குண்டு விழுந்தால் மேலே உள்ள பாரமே சுவரைச் சாய்த்துவிடும். ஆகவே மதில் தாழ்ந்தது, தடித்தது, உள்ளே மண் நிரப்பிச் சரிவாக நின்றது.

கொத்தளத்தின் வடிவமும் மாறியது. நம் பழைய கோட்டைகளில் கொத்தளங்கள் வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும். வட்டக் கொத்தளத்தின் முகத்துக்கு நேர் கீழே வந்து ஒட்டிக்கொண்டவனை மேலே இருக்கும் காவலன் காண முடியாது; பக்கத்துக் கொத்தளத்தில் இருப்பவனும் காண முடியாது. அந்த மறைவிடத்தில் குழி பறித்து வெடிமருந்து வைத்தால் தீர்ந்தது கதை. இத்தாலி நாட்டில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார்கள். கொத்தளத்தை அம்பின் நுனிபோலக் கூராக்கி, அதன் இரு பக்கங்களும் அண்டைக் கொத்தளத்துப் பீரங்கியின் நேர்பார்வையில் இருக்கும்படி கோணம் வகுத்தார்கள். இப்படி ஒவ்வொன்றும் மற்றொன்றைக் காக்கும்போது, மேலிருந்து பார்த்தால் கோட்டை ஒரு நட்சத்திரம்போலத் தெரியும். பிரான்சில் 14-ஆம் லூயி மன்னனிடம் இருந்த வோபான் என்ற பொறியாளர் (1633-1707) இதைக் கணித சாஸ்திரமாகவே ஆக்கினார்.

இந்த நட்சத்திரங்கள் நம் கடற்கரைக்கும் வந்தன. யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசியர் வைத்திருந்த கோட்டையை 1658-ல் பிடித்த டச்சுக்காரர்கள், பின்னர் அதை ஐந்து முனைக் கோட்டையாகத் திருத்திக் கட்டினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1706-ல் வோபான் பாணியில் ஐந்து முனைக் கோட்டை ஒன்றை முடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். தரங்கம்பாடியில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டை 1620-ஐச் சேர்ந்தது. இவையெல்லாம் வந்தவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. நம்மவர்களே வலியக் கேட்டு வாங்கிக்கொண்ட வித்தையே அதைவிடச் சுவையான கதை.

ஜப்பான் தேசத்து உதாரணம்

இதில் ஜப்பானியரும் ஆர்வம் காட்டினார்கள். அந்நிய வாடையே படாத கலை என்று ஜப்பானியக் கோட்டைகளைப் பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. கி.பி. 663-ல் கொரியக் கடற்கரையில் தோற்றுத் திரும்பியபின், சீனப் படை தங்கள் மேல் பாயும் என்று அஞ்சிய ஜப்பானியர், கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து அடைக்கலம் புகுந்த அறிஞர்களைக் கொண்டு 665-ல் கியூஷு தீவில் மலைக் கோட்டைகள் கட்டினார்கள். முதல் பாடம் அகதிகளிடம் கற்றது.

1543-ல் போர்த்துக்கீசியர் துப்பாக்கியைக் கொண்டு வந்து காட்டினார்கள். பிறகு அந்த நாட்டுக் கோட்டைகளின் முகமே மாறிற்று. அகழி அகன்றது, கல் அடித்தளம் உயர்ந்தது, சுவரில் துப்பாக்கித் துளைகள் வந்தன. ஓடா நொபுனாகா 1576-ல் தொடங்கிய அசூச்சிக் கோட்டையின் பல அடுக்கு மாளிகையில் ஐரோப்பியச் சாயல் உண்டு என்பார் சிலர்; இல்லை என்பார் சிலர். நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். அதன் கல் அடுக்கு வேலையில் கைதேர்ந்தவர்கள் அனோ என்ற ஊர்க் கல் தச்சர்கள் என்பதை அந்நாட்டார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள் என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

கடைசியாக அவர்கள் கட்டியது அசல் ஐரோப்பிய நட்சத்திரம். ஹகோடாதே நகரில் 1857-ல் தொடங்கி 1866-ல் முடிந்த கோரியோகாகு கோட்டையை வகுத்தவர் தக்கேதா அயாசபுரோ என்ற ஜப்பானியர். டச்சு நூல்களின் வழியே மேற்கத்திய வித்தையைக் கற்றவர். பாவம், கோட்டை முடிவதற்குள் பீரங்கிகள் முன்னேறிவிட்டன. 1869-ல் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலிருந்தே குண்டுகள் உள்ளே வந்து விழுந்தன. இன்று அது செர்ரி மரங்கள் பூக்கும் பொதுப் பூங்கா. இரவல் வடிவம் என்று அதை யாரும் குறைவாகப் பேசுவதில்லை.

திண்டுக்கல் மலைமேல்

நம் பக்கத்துக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் விதியைப் பல காலம் தீர்மானித்தது திண்டுக்கல் கோட்டை. ஒரே பாறையான குன்றின்மேல் மதுரை நாயக்கர்கள் அதைக் கட்டினார்கள். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1605-ல் தொடங்கியது என்பார்கள். திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். 1755-ல் மைசூர் சர்க்கார் ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. அடங்காத பாளையக்காரர்களை அடக்குவது அவருக்கு இட்ட வேலை.

எழுதப் படிக்கத் தெரியாத ஹைதருக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது: குதிரைப் படையின் காலம் போய்ப் பீரங்கியின் காலம் வந்துவிட்டது என்பது. திண்டுக்கல்லில் ஓர் ஆயுதசாலை வைத்தார். திருச்சி, புதுச்சேரிப் பக்கங்களிலிருந்து பிரெஞ்சு நிபுணர்களைத் தருவித்து, பீரங்கி வேலையையும் வெடிமருந்து வேலையையும் ஒழுங்குபடுத்தினார். பின்னால் ஆங்கிலேயரை நடுங்க வைத்த மைசூர்ப் படையின் நாற்றங்கால் இந்தப் பாறைதான். நாயக்கர் மதில், மைசூர் அதிகாரி, பிரெஞ்சு நிபுணர், வேலை செய்தவர்கள் உள்ளூர்க் கொல்லரும் தச்சரும். விருப்பாச்சியிலும் திண்டுக்கல்லிலும் வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கிடைத்ததும் இந்த ஹைதரின் ஆதரவால்தான். இந்தக் கோட்டையை எந்த மொழிக்காரர் பட்டியலில் சேர்ப்பது?

கைதி வகுத்த மதில்

மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் நடந்தது இன்னும் விசித்திரம். 1741-ல் குளச்சலில் டச்சுப் படை மார்த்தாண்டவர்ம மகாராஜாவிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் தெ லனாய் என்ற பிளெமிஷ் இனத்தவர். மகாராஜா அவரைத் தண்டிக்கவில்லை. தம் படைக்கு ஆசிரியராக்கினார். தோற்றவனிடமிருந்து கற்றுக்கொள்ள வெட்கப்படாத மன்னர் நம் சரித்திரத்தில் பலர் இல்லை. தெ லனாய் 1777-ல் இறக்கும்வரை, 36 ஆண்டுகள், திருவிதாங்கூர் சேவையிலேயே இருந்தார். 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, என்று அவரை அழைத்தார்கள்.

தக்கலை அருகில் உள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் கல் கோட்டையாயிற்று. உள்ளே ஒரு குன்று. சுமார் 90 ஏக்கர் நிலம். பீரங்கி வார்க்கும் உலை. கன்னியாகுமரிக்குச் சற்று வடக்கே கடலோரத்தில் நிற்கும் வட்டக் கோட்டையும் அவர் கைபட்டதே. உதயகிரிக்குள் இடிந்த தேவாலயத்தில் அவரும் மனைவியும் மகனும் அடக்கமாகியிருக்கிறார்கள். கல்லறையில் லத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுத்துக்கள் பொறித்திருக்கின்றன. ஐரோப்பாவில் பிறந்து, மலையாள மன்னனுக்கு உழைத்தவருக்குத் தமிழில் கல்வெட்டு! குமரி மாவட்டம் 1956-ல் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபின், கோட்டைகளும் கல்லறையும் நம் பொறுப்புக்கு வந்துவிட்டன.

தெ லனாயின் மற்றொரு வேலை கம்பம் பள்ளத்தாக்கின் தலையெழுத்தையே மாற்றியது என்றால் வாசகர் வியப்படையக் கூடும். திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில், கடலிலிருந்து மலை அடிவாரம்வரை சுமார் 30 மைல் நீளத்துக்கு 'நெடுங்கோட்டை' என்ற அரண் அவர் வகுத்தபடி எழுந்தது. பெரும்பகுதி மண்தான், முன்னே அகழி, ஓரத்தில் முள்வேலி. 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் அதன்மேல் பாய்ந்து, அடிபட்டுத் திரும்பினார். 1790 ஏப்ரலில் மறுபடி வந்து உடைத்தார். திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் நட்பு நாடு. ஆகவே அந்தத் தாக்குதல் மூன்றாம் மைசூர் யுத்தத்துக்கு வித்தாயிற்று. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த சீமைகளில் ஒன்று திண்டுக்கல். அதோடு கம்பம், கூடலூர் உள்ளிட்ட இந்தப் பள்ளத்தாக்கும் கும்பெனியார் கைக்குப் போயிற்று.

மண்ணின் வலிமை

வெளிநாட்டு வித்தையைப் பற்றி இத்தனை சொன்னபின், அது இல்லாமலே நின்ற கோட்டையைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். பாஞ்சாலங்குறிச்சியின் அளவைக் கேட்டால் சிரிப்பு வரலாம்: நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, மதில் உயரம் ஏறத்தாழ 12 அடி. முழுவதும் மண். வோபானும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. 1799 செப்டம்பரில் கும்பெனிப் படையின் முதல் தாக்குதல் அங்கே முறிந்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களில் அதே இடத்தில் கோட்டை மறுபடி நின்றது. மார்ச் 31-ஆம் தேதி ஆங்கிலப் படை மீண்டும் தோற்றுப் பின்வாங்கியது. மே 24-ஆம் தேதிதான் பெரிய பீரங்கிகளோடு வந்து பிடிக்க முடிந்தது.

பிசைந்து அடுக்கிய களிமண் சுவரில் பீரங்கிக் குண்டு புதைந்து போகும். கல் மதில்போலச் சுவர் பிளந்து சரியாது. ஐரோப்பியர் பெரும் பணம் செலவிட்டு, மதிலுக்குள் மண் நிரப்பி அடைந்த பலனை நம் கரிசல் சீமைக் குடியானவர்கள் மண்வெட்டியோடு அடைந்திருந்தார்கள். இதற்குப் பாடப் புத்தகம் கிடையாது. எந்த மண்ணை எந்தப் பதத்தில் பிசைவது என்பது வீடு கட்டி, கண்மாய்க் கரை போட்டுப் பழகிய கைகளுக்கே தெரியும்.

அதனால்தான் கும்பெனியார் 1801 டிசம்பரில் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்து, கோட்டைகளை ஒழிக்கும் உத்தரவு போட்டார்கள். அதே ஆண்டு விருப்பாச்சி கோபால் நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் என்று பாளையங்களின் பெயர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஊர்ப் பெயர்களாக நிற்கின்றன. போடியில் ஜமீன் அரண்மனை இருக்கிறது. பாளையக் கோட்டைகளின் காலமோ அந்த ஆண்டோடு முடிந்தது. அயலார் கட்டிய தரங்கம்பாடியும் ஜார்ஜ் கோட்டையும் பத்திரமாக இருக்கின்றன. நம் பாளையக் கோட்டைகள் கரைந்தன. கோட்டையில் அயலார் கை பட்டதைப் பற்றி வருந்துவோர் வருந்த வேண்டிய இடம் இதுவே.

ஜப்பானிலும் இப்படி ஓர் இடிப்பு நடந்தது. செய்தவர்கள் அந்நியர் அல்ல. 1873-ல் மெய்ஜி அரசாங்கம் கோட்டைகளைக் கைவிடும் உத்தரவை இட்டது. இடித்தும் விற்றும் தீர்த்தார்கள். பழைய கோபுர மாளிகையோடு இன்று எஞ்சியவை 12 மட்டுமே. பின்னால் மனம் வருந்தி, ஒஸாகாவில் 1931-லும் நகோயாவில் 1959-லும் கான்கிரீட்டினால் மறுபடி கட்டிக்கொண்டார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் நம் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையும் அந்த வகைதான். குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அசல் மண் சுவர் எப்படி நின்றது என்பதைப் புதுக் கட்டடம் காட்டாது.

பலகையில் யார் பெயர்?

மதுரைக் கோட்டையின் முடிவு வேறுவிதம். யூசுப்கான் 1764-ல் ஆங்கிலேயரை எதிர்த்துத் தாங்கி நின்ற அந்த மதிலை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். ஊர் பெருகிவிட்டது, அகழி நோய்க்கு இடமாயிற்று என்பது காரணம். இடிந்த மதிலும் தூர்ந்த அகழியும் வெளி வீதிகளாயின. அந்த வேலையை நடத்தியவர்களில் ஒருவர் மாரட் என்ற நில அளவையாளர். மற்றவர் பெருமாள் என்ற மேஸ்திரி. இருவர் பெயரிலும் மதுரையில் வீதிகள் உண்டு. ஆனால் விநோதம் பாருங்கள்: கோட்டையைக் கட்டிய கொத்தனார் ஒருவர் பெயரும் வீதிப் பெயராக நிற்கவில்லை; இடித்த மேஸ்திரியின் பெயர் நிலைத்துவிட்டது.

மனோரா என்றொரு கட்டடம் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் கடலோரம் நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை சரபோஜி மன்னர் 1814-ல் எழுப்பியது. அறுகோணம், எட்டு நிலை. மராத்திய மன்னர், ஆங்கிலேயர் வெற்றி, பிரெஞ்சுக்காரர் தோல்வி, தமிழ்க் கடற்கரை! பார்க்கப் போகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வேடிக்கையைச் சொல்லி நடத்துகிறவர் ஒருவர் அங்கே இருந்தால் ஒரு மாதப் பாடத்துக்குச் சமம்.

செஞ்சிக்கு வருவோம். மராத்தியர் பெயரில் கிடைத்த பெருமையைத் தள்ள வேண்டியதில்லை. அவர்கள் அங்கே ரத்தம் சிந்தியவர்கள். ஆனால் கோட்டை வாசலில் நிற்கும் பலகையில் கோன் குலத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்வரை எல்லார் கைவேலையும், எந்த மதிலில் எது என்று காட்டி, தமிழில் எழுதி வைக்க வேண்டும். திண்டுக்கல்லில் ஹைதரின் ஆயுதசாலையையும், உதயகிரியில் பீரங்கி உலையையும் குறித்துப் படத்தோடு விளக்க வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சரித்திரம் படித்த நாலு பேரும், ஒரு கல் தச்சரும் சேர்ந்து ஒரு வாரம் நடந்தால் போதும். கல் தச்சரைச் சொன்னது சும்மா அல்ல. ஒரு மதிலில் எந்த வரிசை முந்தியது, எது பிந்தியது என்பதை உளி பிடித்தவர் கண் சட்டென்று கண்டுகொள்ளும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வேலை இன்னும் அவசரம். பாளையங்கள் இருந்த ஊர்களில் கோட்டை, அகழி, கொத்தளம் என்று வழங்கும் தெருப் பெயர்களையும் மேட்டு நிலங்களையும் ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். 1961-ல் ஏற்பட்ட மாநிலத் தொல்லியல் துறை இருக்கிறது, 1996-ல் தேனி தனி மாவட்டமாயிற்று, கல்லூரிகள் இருக்கின்றன. திண்டுக்கல் சீமைக்குக் கும்பெனியார் காலத்தில் எழுதிய நில அளவைப் பதிவேடுகளோடு அந்தப் பெயர்களை ஒத்துப் பார்த்தால், எந்தப் பாளையத்தின் மதில் எந்தத் தோட்டத்துக்குள் ஓடியது என்று காண வழி பிறக்கும். திராட்சைக் கொடிக்குக் கல் கால் நட எங்கே குழி தோண்டினாலும், அடியில் பிசைந்த களிமண் அடுக்கு தென்பட்டால் கிராம நிர்வாக அதிகாரிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்குமாறு தோட்டக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.